குழந்தையைக் கூட்டி வர வைப்பதே நீங்கள்தான்: தி.நகர் ஜவுளிக் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தியாகராய நகர் உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் பகுதிகளில் பல மாடி ஜவுளிக் கடை நடத்தும் உரிமையாளர்கள், கிளை மேலாளர்கள், ஃப்ளோர் சூப்பர்வைசர்கள்.

ஆடித் தள்ளுபடிக்குக் கடையைத் தயார் செய்யும்போது நீங்கள் செய்யும் முதல் வேலை, தளங்களில் இருக்கும் நாற்காலிகளையும் ஸ்டூல்களையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆஃபர் மேசை போடுவது. அடுத்து வாசலில் ஒரு பலகை வருகிறது: கூட்ட நேரத்தில் கைக்குழந்தைகளைத் தவிர்க்கவும், குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பெற்றோரே பொறுப்பு. மூன்றாவதாக, பில்லின் அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் விழுகிறது: விழாக்கால விற்பனையில் எக்ஸ்சேஞ்ச் கிடையாது. ஆடியில் தொடங்கும் இந்த ஏற்பாடு பொங்கல் தாண்டித்தான் கலைகிறது. எல்லாக் கடைகளும் இப்படி இல்லை. இப்படி இருக்கும் கடைகளுக்குத்தான் இந்த மடல். எவை என்று உங்களுக்கே தெரியும்.

குழந்தைகளோடு துணி எடுக்க வருகிறவர்களும், உங்களைப் போன்றோரின் தளங்களில் நின்று துணி எடுத்துப் போட்டவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நடப்பதும் அந்தப் பக்கம் நடப்பதும் எங்களுக்குத் தெரியும். கூட்டி வராதே என்கிறது உங்கள் பலகை. கூட்டி வராமல் எடுக்க முடியாது என்கிறது உங்கள் ஸ்டாம்ப். இரண்டில் ஒன்றை நீங்கள் நீக்கியாக வேண்டும்.

எதற்காக இரண்டு வயதுக் குழந்தையை இந்த நெரிசலுக்குத் தூக்கி வருகிறார்கள் என்று உங்கள் ஆட்கள் சலித்துக்கொள்வது காதில் விழுகிறது. காரணம் சைஸ். குழந்தை உடுப்பின் சைஸ் எண்ணை நம்பி எடுக்க முடியாது. 16, 18, 20 என்று இரண்டிரண்டாக ஏறும் எண்ணை ஒருவர் உடுப்பின் நீளத்தை அங்குலத்தில் அளந்து போடுகிறார். இன்னொருவர் ‘2-3 வயது’ என்று போடுகிறார். வேறொருவர் எஸ், எம், எல். மூன்றும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. மூன்று வயதில் ஒரு குழந்தை 91 செ.மீ. இருக்கும், இன்னொன்று 100 செ.மீ. இருக்கும், இரண்டுமே நன்றாக வளரும் குழந்தைகள்தாம். வயதைச் சொல்லி வாங்கினால் ஒன்றுக்குக் கணுக்காலில் புரளும், மற்றதற்கு முட்டியில் நிற்கும்.

பட்டுப்பாவாடை இன்னும் சிக்கல். இடுப்புச் சுற்று, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம், சட்டையின் அக்குள் சுற்று, மூன்றும் ஒத்துவர வேண்டும். நீளம் கூடிப்போனால் வெட்ட முடியாது, ஜரிகை பார்டர் கீழே இருக்கிறது. உள்பக்கம் டக் பிடிக்கத்தான் முடியும். சட்டையில் அக்குள் பிடித்தால் பிரித்துவிட உள்ளே துணி இருக்க வேண்டும், ரெடிமேட் சட்டையில் பெரும்பாலும் அது அரை அங்குலம்கூட இருப்பதில்லை. (ஆண் குழந்தை வைத்திருப்பவர்கள் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியில் தப்பித்துக்கொள்கிறார்கள்.) மாற்றித் தர மாட்டோம் என்று ஸ்டாம்ப் அடித்துவிட்ட பிறகு, உடுப்பைக் குழந்தையின் மேல் வைத்துப் பார்த்து வாங்குவதைத் தவிர பெற்றோருக்கு வேறு வழி என்ன?

குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சைஸ் சேராதது குறை ஆகாது என்பீர்கள். அப்படியே இருக்கட்டும், சட்டத்தைக் காட்டிக் கேட்கவில்லை. மாற்றித் தர மறுப்பது உங்கள் உரிமை என்றால், அந்த மறுப்பினால் உள்ளே வரும் குழந்தைக்கு ஏற்பாடு செய்வது உங்கள் கடமை என்றுதான் சொல்கிறோம்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

வாசலில் செக்யூரிட்டி பையை வாங்கி டோக்கன் கவுண்டரில் வைக்கச் சொல்கிறார். துணி திருட்டு நடப்பது உண்மை, பைக்குள் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் பிடுங்கி வைப்பது பாட்டில், வெந்நீர் ஃபிளாஸ்க், டயப்பர், மாற்று உடுப்பு, துண்டு இருக்கும் பை. பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு முன்கூட்டியே கலந்து கையில் வைத்துக்கொள் என்று சொல்ல முடியாது. கலந்த பாலை வெளிவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்கக் கூடாது. பவுடரும் வெந்நீரும் தனித்தனியாக, பை கூடவே இருந்தாக வேண்டும். நான்காவது மாடியில் குழந்தை பாலுக்கு அழுதால் அம்மா தரைத்தளத்துக்கு இறங்கி, டோக்கன் வரிசையில் நின்று, பை வாங்கி, மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. இதற்குத் தீர்வு மிகச் சின்னது. பையைத் திறந்து பாருங்கள். ‘குழந்தைப் பை’ என்று ஒரு நிற அட்டையை பிளாஸ்டிக் டையால் கைப்பிடியில் கட்டுங்கள். வெளியே போகும்போது பில் பஞ்ச் செய்கிறவர் அந்த அட்டை இருக்கும் பையை இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டு அட்டையை வெட்டி எடுக்கட்டும். ஆளுக்கு அரை நிமிட வேலை.

பட்டு தரைத்தளத்தில், புடவை முதல் மாடியில், குழந்தைகள் பகுதி மூன்றிலோ நான்கிலோ. சதுர அடிக்கு எது அதிகம் சம்பாதிக்கிறதோ அது கீழே வரும், புரிகிறது. அதனால் கடையிலேயே மிகச் சிறியவர்கள்தான் மிக உயரத்துக்கு ஏற வேண்டியிருக்கிறது. பட்டுப் பிரிவில் பழைய வழக்கப்படி மெத்தை விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து புடவை பார்க்கிற கடைகள் இன்னும் சில இருக்கின்றன. குழந்தை அங்கே தவழலாம், புரளலாம், மடியில் தூங்கலாம், மேலிருந்து விழ இடமில்லை. யாரும் குழந்தைக்காக அதை வடிவமைக்கவில்லை என்றாலும் கடையிலேயே பாதுகாப்பான இடம் அதுதான்.

மேலே ஏறுவது எஸ்கலேட்டரில். பல கடைகளில் எஸ்கலேட்டர் ஏறுவதற்கு மட்டும், இறங்குவதற்குப் படி. எஸ்கலேட்டரில் குழந்தைக்கு ஆபத்து மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, எஸ்கலேட்டர் படிக்கும் பக்கச் சுவர்த் தகட்டுக்கும் இடையில் உள்ள சந்து. ஐரோப்பிய விதிப்படி அது ஒரு பக்கத்தில் 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நாள்பட்டு ஓடிய எஸ்கலேட்டரில் படி ஒரு பக்கமாக ஒதுங்கிச் சந்து பெரிதாகும். மென்மையான ரப்பர் செருப்பு போட்ட குழந்தை ஓரமாக நின்றால் செருப்பு தகட்டில் உரசி இழுபடும், பிறகு விரல். பக்கத் தகட்டோடு நீளமாக ஓடும் பிரஷ் இருப்பது காலை ஓரத்திலிருந்து தள்ளி வைக்கத்தான். மயிர் உதிர்ந்த பிரஷ்ஷை மாற்றாமல் விடுகிறீர்கள். இரண்டாவது, படி போய் மறையும் முனையில் உள்ள சீப்புத் தகடு. பட்டுப்பாவாடையின் விளிம்பும் அம்மாவின் துப்பட்டாவும் சிக்குவது அங்கே; ஒரு பல் உடைந்திருந்தாலும் எஸ்கலேட்டரை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது இடத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். எஸ்கலேட்டர் வழக்கமாக விநாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. படியின் ஆழம் 40 செ.மீ. அதாவது விநாடிக்கு ஒன்றேகால் படி மேலே வந்து சேர்கிறது. படிக்கு ஒருவர் என்றே வைத்தாலும், மேலே பத்து விநாடி யாராவது நின்றுவிட்டால் பின்னால் பன்னிரண்டு பேர் வந்து மோதுகிறார்கள், அவர்களால் நிற்க முடியாது. முன்னால் இருப்பவர் ஒரு மீட்டர் உயரக் குழந்தை என்றால் அதன் மேல்தான் விழுவார்கள். இறங்குமிடத்தில் 2.5 மீட்டர் தூரத்துக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய விதி சொல்வது இதற்காக. நீங்கள் அங்கேதான் ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ மேசையைப் போடுகிறீர்கள். எல்லோரும் நிற்கிற இடம் என்று விற்பனைக்கு நல்ல இடமாகத் தெரிகிறது. நிற்கக் கூடாத இடம் அது.

சிவப்பு நிறுத்தப் பொத்தான் மேலும் கீழும் இருக்கும். பல கடைகளில் அதன் முன்னால் பொம்மை நிற்கிறது, அல்லது அட்டைப்பெட்டி. கூட்ட நாளில் மேல்முனையில் ஒருவரை நிறுத்துங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இரண்டே விஷயம்: பொத்தான் எங்கே என்பது, அமுக்குவதற்கு முன் “பிடிச்சுக்குங்க” என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்பது. திடீரென்று நின்றால் எல்லோரும் முன்னால் சாய்வார்கள்.

இறங்கும் படியில் நடப்பது வேறு. அம்மா ஒரு கையில் குழந்தை, மறு கையில் கட்டைப்பை. கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. நடக்கும் குழந்தைக்கோ 90 செ.மீ. உயரக் கைப்பிடி எட்டாது. 60, 65 செ.மீ. உயரத்தில் இரண்டாவது கம்பி ஒன்று பொருத்தினால் போதும். கம்பிகளுக்கிடையே 10 செ.மீ.க்கு மேல் சந்து இருந்தால் சிறு குழந்தையின் உடல் நுழைந்துவிடும், அதையும் அளந்து பாருங்கள். எதிரே ஏறி வருகிறவர்களின் கட்டைப்பை அடிப்பக்கம் சரியாக மூன்று வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே வருகிறது. இருட்டிய பிறகு ஏறுகிறவர்கள் குறைந்து இறங்குகிறவர்கள் கூடும்போது எஸ்கலேட்டரின் திசையை மாற்றலாமே? பெரும்பாலான எஸ்கலேட்டர்களில் அதற்குச் சாவி இருக்கிறது. ஆளில்லாமல் செய்து, நிறுத்தி, திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் படியின் திருப்பங்களிலும் அவசர வழிப் படியிலும் பண்டல் அடுக்குவதை நிறுத்துங்கள். 2017 மே 31-ஆம் தேதி உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடைக் கட்டடம் எரிந்தது அதிகாலையில். கடை திறக்காத நேரம். அதே தீ ஐப்பசி மாத ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பிடித்தால், நான்காவது மாடிக் குழந்தைகள் பகுதியில் இருப்பவர்கள் எந்தப் படியில் இறங்குவார்கள் என்று உங்கள் சூப்பர்வைசரைக் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் பகுதிக்கு வந்தால், தரையில் குண்டூசி. ரெடிமேட் சட்டை ஒன்றில் காலர், கை, முதுகு மடிப்பு என்று நாலைந்து ஊசி குத்தியிருப்பார்கள். பிரித்துக் காட்டும் வேகத்தில் அது மிதியடி விரிப்பில் விழுகிறது. குழந்தை அங்கே வெறுங்காலோடு, சில சமயம் தவழ்ந்து கொண்டு. துடைப்பத்துக்கு விரிப்பில் சிக்கிய ஊசி வராது. கம்பில் கட்டிய காந்தப் பட்டை ஒன்றை மணிக்கு ஒருமுறை தள்ளினால் வரும். டைலர் கடைகளில் செய்கிற வேலைதான். பிளாஸ்டிக் கிளிப் போட்ட சட்டைகளையே கொள்முதல் செய்தால் இன்னும் நல்லது. கவுண்டர் முனைகளின் உயரம் 75-லிருந்து 90 செ.மீ.; இரண்டு, மூன்று வயதுக் குழந்தையின் நெற்றியும் கண்ணும் அதே உயரம். முனைக்கு ரப்பர் மூலை ஒட்டுங்கள்.

இந்தப் பகுதியில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி இருக்கிறது, எந்தக் கடையும் செய்வதில்லை. தூணில் 60 செ.மீ. முதல் 130 செ.மீ. வரை உயர அளவுகோல் வரையுங்கள். பக்கத்தில் உங்கள் கடையில் இருக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரின் எந்த எண் எந்த உயரத்துக்கு என்று அட்டவணை ஒட்டுங்கள். ஒரு டேப் தொங்கவிடுங்கள். குழந்தையை ஒருமுறை நிறுத்தி அளந்துவிட்டால் சேல்ஸ்மேன் இருபது உடுப்பைப் பிரித்துப் போட வேண்டாம், அழும் குழந்தையின் தலையில் ஐந்து முறை கழுத்தை நுழைக்கவும் வேண்டாம். அதைவிட, அளவை எழுதிக்கொண்டு குழந்தையை வீட்டில் விட்டுவிட்டே வரலாம்.

நேரம்தான் எல்லாம். இரண்டு வயதுக் குழந்தை, தூங்கி எழுந்து சாப்பிட்டு வந்திருந்தால், இந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு அது அடம் பிடிப்பதில்லை, அதனால் முடியவில்லை. நீங்கள் வைத்திருக்கும் வரிசையோ இப்படி: துணி பார்க்க நிற்பது, பில் போட நிற்பது, கேஷ் கவுண்டரில் நிற்பது, டெலிவரி கவுண்டரில் நின்று ‘பெய்டு’ சீல் காட்டி வாங்குவது, வாசலில் பில் பஞ்ச். துணி எடுப்பதற்கு ஆகும் நேரத்தைவிட எடுத்த துணியை வாங்கிக்கொண்டு போக ஆகும் நேரம் அதிகம். குழந்தைகள் தளத்திலேயே ஒரு கேஷ் கவுண்டரும் அதை ஒட்டியே டெலிவரியும் வைத்தால் இரண்டு வரிசை போய்விடும். பாதிப் பேர் செல்பேசியில் பணம் கட்டும் காலத்தில் அதற்குப் பெட்டிச் சாவிகூட வேண்டாம். கேஷ் கவுண்டரில் மிட்டாயைக் குழந்தையின் கண் உயரத்தில் அடுக்குவது பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை, ஏன் அங்கே வைத்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

கழிவறை எங்கே என்றால் மொட்டை மாடி கேன்டீனுக்குப் பக்கம், அல்லது பேஸ்மென்டில் பார்க்கிங் ஓரம், சாவி சூப்பர்வைசரிடம். மூன்று வயதுக் குழந்தை மூச்சா வருது என்று சொல்லும்போது ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். ஈரமான விரிப்புக்குப் பிறகு முகம் சுளிப்பதில் பயனில்லை. பாலூட்ட இடம் கேட்டால் ட்ரையல் ரூமைக் காட்டுகிறார்கள்: உட்கார இடமில்லை, வெளியே ஆறு பேர் கதவைத் தட்டுகிறார்கள், கேமரா இருக்குமோ என்ற பயம் வேறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இரண்டு மூன்று மணிக்கொருமுறை குடிக்கும், ஒரு முறைக்கு இருபது நிமிடம்கூட ஆகும். தமிழக அரசு 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தது. ஒரு பேருந்து நிலையத்தால் முடிந்தது ஏழு மாடிக் கடையால் முடியாதா? ஐந்தடிக்கு ஆறடி, கைவைத்த நாற்காலி, உள்தாழ்ப்பாள், பை மாட்டக் கொக்கி, கை கழுவக் குழாய், பெண் ஊழியர் பொறுப்பு. அது போதும்.

குழந்தை தொலைவதைப் பற்றி. தீபாவளிக் கூட்டத்தில் காவல் துறை ரங்கநாதன் தெருவில் கண்காணிப்புக் கோபுரம் அமைக்கிறது, குழந்தைகளின் கையில் செல்பேசி எண் எழுதிய பட்டை கட்டுகிறது. உங்கள் வாசலைத் தாண்டியதும் அந்த ஏற்பாடு முடிந்துவிடுகிறது. உள்ளே ஒலிபெருக்கியில் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் உங்கள் நடைமுறை. அது தவறு, பெயர் தெரிந்த அந்நியரிடம் குழந்தை எளிதில் போகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1981-இல் ஒரு பெரிய கடையில் காணாமற்போன 6 வயது ஆடம் வால்ஷ் பின்னர் கொல்லப்பட்டான். அவன் பெயரால் வால்மார்ட் 1994-இல் தன் கடைகளில் கொண்டுவந்த நடைமுறைக்கு ‘கோட் ஆடம்’ என்று பெயர். சாரம் இதுதான்: தகவல் வந்த உடனே உயரம், வயது, உடுப்பு, செருப்பு கேட்டு எல்லா ஊழியருக்கும் சொல்வது, எல்லா வாசலிலும் ஆள் நிறுத்துவது, வேலையை விட்டுவிட்டுத் தேடுவது, 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் காவல் துறையைக் கூப்பிடுவது. செருப்பைக் கேட்பது முக்கியம். மேல்சட்டையை மாற்றிவிடலாம், செருப்பை மாற்ற யாருக்கும் தோன்றாது.

நம் கடைகளுக்கு இதில் சில மாற்றம் வேண்டும். கூட்டத்தில் ஷட்டரை இறக்காதீர்கள், நெரிசலில் வேறு விபத்து வரும். வாசலில் ஆள் நின்று குழந்தையோடு போகும் ஒவ்வொருவரையும் பார்த்தால் போதும். முதலில் தேட வேண்டிய இடங்கள் தொங்கும் உடுப்புகளுக்கு அடியில், ட்ரையல் ரூம், கண்ணாடிக்குப் பின்னால், லிஃப்ட். குழந்தை உள்ளே, அம்மா வெளியே என்று லிஃப்ட் கதவு மூடுவது சகஜம். அப்போது அம்மா படியில் ஓடக் கூடாது, அதே இடத்தில் நிற்க வேண்டும். லிஃப்ட் ஆபரேட்டர் குழந்தையை இறக்கிவிடாமல் அதே தளத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கிடைத்த குழந்தையை இரண்டு ஊழியர், ஒருவர் பெண், கிடைத்த தளத்திலேயே வைத்திருக்கட்டும். கேட்டு வருகிறவர் செல்பேசியில் குழந்தையோடு இருக்கும் படத்தைக் காட்டட்டும், பிறகு ஒப்படையுங்கள். யாரும் வராவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி எண் 112.

தெருப் பக்கம் அரசு கொஞ்சம் செய்திருக்கிறது. பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் வந்தது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைமேம்பாலம் திறந்தது. ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு பாண்டி பஜார் நடைபாதையில் வரலாம். உங்கள் வாசலில் மூன்று படி இருக்கிறது, சரிவுப் பாதை இல்லை.

இனிக் கேட்பவை. வரும் புரட்டாசி முடிவதற்குள் குழந்தைகள் உடுப்புக்கு மட்டுமாவது சைஸ் எக்ஸ்சேஞ்ச் அறிவியுங்கள்: பில்லும் டேக்கும் இருந்தால், தீபாவளிக்கு முந்தைய நாள் வரை, அதே டிசைனில் அல்லது அதே விலையில் வேறு, பணம் திருப்பித் தர வேண்டாம். அதற்குக் கவுண்டர் தரைத்தளத்தில், வாசலை ஒட்டி இருக்க வேண்டும். மாற்ற வருகிறவரை நான்கு மாடி ஏற்றாதீர்கள். இதை நீங்கள் செய்தால் குழந்தைகளின் எண்ணிக்கை கடைக்குள் தானாகக் குறையும், மற்ற கோரிக்கைகளின் பாரமும் குறையும்.

குழந்தைப் பையை உள்ளே விடுங்கள். எஸ்கலேட்டர் முனைகளில் 2.5 மீட்டரை மஞ்சள் பெயின்டால் கோடு போட்டுக் காலியாக வையுங்கள், அவசரப் படியிலிருந்து பண்டல்களை எடுங்கள். இவ்விரண்டுக்கும் அவகாசம் கேட்காதீர்கள், இன்றிரவு கடை மூடியதும் செய்யலாம். எடுத்துப்போன நாற்காலிகளைத் திரும்பப் போடுங்கள், தளத்துக்குக் குறைந்தது பத்து. ஊழியர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறோம்: கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. குழந்தைகள் தளத்தில் பூட்டாத கழிவறை ஒன்றும் பாலூட்டும் அறை ஒன்றும் வேண்டும். குழந்தை தொலைந்தால் யார் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு தளத்திலும் ஒட்டி, சீசனுக்கு எடுக்கும் தற்காலிக ஊழியர்களுக்கும் வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்.

தீயணைப்புத் துறைக்கும் சென்னை மாநகராட்சிக்கும் இந்த மடலின் நகல் போகிறது. அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: தடையில்லாச் சான்றும் உரிமமும் புதுப்பிக்கும் சோதனையை ஆளில்லாத காலை நேரத்தில் நடத்தாமல், ஐப்பசி மாத ஞாயிறு மாலையில் ஒருமுறை நடத்துங்கள்.

உங்கள் பதிலைத் தனிக் கடிதமாக அனுப்ப வேண்டியதில்லை. ‘எக்ஸ்சேஞ்ச் கிடையாது’ ஸ்டாம்பை எடுத்துவிட்டு, குழந்தைகள் உடுப்பை எந்தத் தேதி வரை, எந்தக் கவுண்டரில் மாற்றலாம் என்று அதே இடத்தில் பில்லில் அச்சடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளோடு உங்கள் கடைக்கு வருகிறவர்களும், உங்கள் தளங்களில் வேலை பார்த்தவர்களும்